பற்றும் நகர்வும்: ஓர் உருவகத்தைத் திரும்பப் பெறுதல்

1

‘சாதி நம் சமூக உடலில் பரவியிருக்கும் புற்றுநோய்’ என்ற வாக்கியத்தை நான் எழுதியிருக்கிறேன். ஒரு துண்டறிக்கையில், ஒரு நாவலுக்கான மதிப்புரையில். மேடையில் எத்தனை தடவை சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை. இதை எழுதாத முற்போக்கு எழுத்தாளர் நம்மிடையே யார்? ஊழல், வகுப்புவாதம், நுகர்வு வெறி என்று எழுவாயை மாற்றிக்கொள்வோம், பயனிலை மாறாது.

எங்களோடு நெடுங்காலம் இயக்க வேலை செய்த அக்கா ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய். சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. பார்க்கப் போயிருந்தபோது என்னுடைய அந்தப் பழைய துண்டறிக்கை அவர் கட்டிலில் கிடந்தது. “தம்பி, என் உடம்புல இருக்கிறதையும் சாதியையும் ஒரே வரியில கட்டிப் போட்டுட்டியே. வெட்டி எறியணும், சுட்டுப் பொசுக்கணும்னு வேற எழுதியிருக்கே. சரி, அப்ப நான் யாரு?” என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் கேட்டார்: “பரவுது பரவுதுன்றாங்களே, அது எப்படி நகருது? அதுக்குக் கால் இருக்கா?”

எனக்குத் தெரியவில்லை. உவமையணியைப் பாடமாகப் படித்து எம்.ஏ. வாங்கியவன் நான். இத்தனை ஆண்டுகள் கையாண்ட உவமானத்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த வெட்கத்தில் தொடங்கிய வாசிப்பு இது. நோயை உருவகமாக்குவதை எதிர்த்து சூசன் சொன்டாக் 1978இலேயே எழுதிவிட்டார். நோயாளியை உருவகத்தின் சுமையிலிருந்து விடுவிப்பது அவர் நோக்கம். நான் இங்கே பார்க்க முயல்வது அதை ஒட்டிய இன்னொரு கேள்வி: அந்த உருவகத்துக்குள் நாம் ஒளித்து வைத்திருக்கும் உடல் எந்த உடல்? செல்கள் எப்படிப் பற்றுகின்றன, எப்படி நகர்கின்றன என்று இன்று அறியப்பட்டிருப்பதற்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

2

சமூகத்தை உடலாக வாசிப்பதன் பழைய, மிகக் கேடான வடிவம் நம்மிடமே இருக்கிறது. வாய், தோள், தொடை, பாதம் என்று உறுப்புகளைப் பிரித்து அவற்றில் வருணங்களைப் பொருத்திய பிரதி புருஷ சூக்தம். அவரவர் இடம் அவரவருக்கு. இடம் பெயர்ந்தால் உடல் குலையும் என்பதே அந்த வாசிப்பின் அரசியல்.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் செல் கோட்பாடு உருவானபோதும் இந்தப் பழக்கம் விடவில்லை. ருடால்ஃப் விர்ச்சோ 1848இல் மேல் சிலேசியாவுக்கு டைஃபஸ் கொள்ளைநோயை ஆராய அனுப்பப்பட்ட மருத்துவர். திரும்பி வந்து அவர் பரிந்துரைத்தது முழு ஜனநாயகம், கல்வி, வரிச் சீர்திருத்தம். அதே ஆண்டு பெர்லின் தெருத்தடுப்புகளில் நின்றவர் அவர். 1858இல் செல் நோயியல் பற்றிய நூலை வெளியிட்ட அவருக்கு உடல் ஓர் அரசு, செல்கள் அதன் குடிமக்கள். அவரிடம் படித்த எர்ன்ஸ்ட் ஹெக்கலோ தாவரத்தைச் செல்களின் குடியரசாகவும் விலங்கை முடியாட்சியாகவும் பார்த்தார். ஒரே நுண்ணோக்கி, இரண்டு அரசியல். இருவரும் தங்கள் காலத்து அரசைத்தான் செல்லுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்.

நம் ‘சமூக உடல்’ இந்த இரண்டு மரபுகளின் கலவை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆரோக்கியமான உடல் என்றால் ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிற்பது. நோய் என்றால் ஒன்று இடம்விட்டுக் கிளம்புவது. இந்தச் சித்திரத்தை வைத்துக்கொண்டு சாதியை எதிர்க்க முடியுமா என்று நாம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

3

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆரோக்கியமான உடலில் செல்கள் ஓயாமல் இடம்பெயர்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

கருவில் முதுகுப்புறம் நரம்புக்குழாய் உருவாகும்போது அதன் விளிம்பிலிருந்து ஒரு கூட்டம் செல்கள் கிளம்புகின்றன. நரம்பு முகட்டுச் செல்கள் என்று பெயர். இவைதான் முக எலும்புகளின் பெரும்பகுதியாகவும் குடலின் நரம்புகளாகவும் தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட்டுகளாகவும் ஆகின்றன. கருமுட்டையாகவும் விந்தாகவும் பின்னால் மாறப்போகிற செல்களும் பிறந்த இடத்தில் இருப்பவை அல்ல. மனிதக் கருவில் அவை மஞ்சட்கருப் பையின் சுவரருகே தோன்றி, குடல் சுவர் வழியாக ஊர்ந்து, ஆறாவது வாரத்தை ஒட்டித் தங்கள் இடத்துக்கு வந்து சேர்கின்றன. பிறந்த பிறகும் இது நிற்பதில்லை. சிறுகுடலின் உள்வரிச் செல்கள் குழிகளில் பிறந்து மேலேறி, சில நாட்களில் உச்சியில் உதிர்கின்றன. கீழே பிறப்பவை மேலே தள்ளுவதால்தான் இவை ஏறுகின்றன என்று நெடுங்காலம் நம்பினார்கள். அந்தச் செல்கள் தாமாகவும் ஊர்ந்து ஏறுகின்றன என்பதை 2019இல் வெளியான எலி ஆய்வு காட்டியது.

நகர முடியாவிட்டால் என்ன ஆகும்? வெள்ளையணு இரத்த ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படுவது. காயம்பட்ட இடத்தருகே செலக்டின் என்ற புரதங்கள் அதைப் பிடித்தும் விட்டும் குழாய்ச் சுவரில் உருள வைக்கின்றன. பிறகு இன்டெக்ரின் என்ற புரதங்கள் உறுதியாகப் பற்றுகின்றன. பற்றி நின்ற பிறகே சுவரின் இடுக்கில் நுழைந்து வெளியே போக முடியும். அரிதாகச் சில குழந்தைகள் இந்த இன்டெக்ரினில் ஒரு பகுதி இல்லாமல் பிறக்கின்றன. தொப்புள்கொடி விழத் தாமதமாகிறது. புண் வந்தால் சீழ் கட்டுவதில்லை. இரத்தத்தைச் சோதித்தால் வெள்ளையணுக்கள் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருக்கின்றன! படை இருக்கிறது; ஆனால் ஓடும் ஆற்றில் கரையைப் பிடிக்க அதற்குக் கை இல்லை. சாதாரணத் தொற்றே அந்தக் குழந்தையின் உயிருக்கு உலை வைக்கும். இந்த நோயின் மூலகாரணம் 1980களில் தெளிவானது.

எதிர்த்திசையிலும் ஓர் அனுபவம் உண்டு. வெள்ளையணுக்கள் மூளைக்குள் புகுந்து நரம்புறையைத் தாக்கும் நோய்க்கு, அவற்றின் ஒருவகை இன்டெக்ரினை அடைக்கும் நடாலிசுமாப் என்ற மருந்துக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோய் கட்டுப்பட்டது. ஆனால் சிலருக்கு, பலரது உடலில் சும்மா கிடக்கும் ஜேசி வைரஸ் மூளையில் தலைதூக்கியது. காவலும் சேர்ந்து நின்றுபோனதுதான் காரணம். 2005இல் மருந்தை நிறுத்தி, 2006இல் கடும் நிபந்தனைகளோடு திரும்பக் கொண்டுவந்தார்கள்.

4

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். கால் இருக்கிறதா?

கால் இல்லை, பிடி இருக்கிறது. ஊரும் செல்லின் முன்பக்கத்தில் ஆக்டின் என்ற இழைகள் வளர்ந்து சவ்வை முன்னே தள்ளுகின்றன. அங்கே புதிய பிடிகள் விழுகின்றன. மயோசின் என்ற புரதம் இழைகளை இழுக்கிறது. பின்பக்கப் பிடிகள் தளர்கின்றன. உடல் முன்னே வருகிறது. பனையேறியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: கை பற்றியிருக்கும்போது கால் தளர்ந்து ஏறும், கால் பற்றியதும் கை மேலே போகும். சுறுசுறுப்பான ஒரு வெள்ளையணு நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தூரம் போகும்.

பிடியைத் தருவது பெரும்பாலும் இன்டெக்ரின். 1986இல் இதற்குப் பெயர் வைத்தார்கள். செல்லின் சவ்வைத் துளைத்து நிற்கும் இதன் ஒரு முனை வெளியே உள்ள கொலாஜன், ஃபைப்ரோனெக்டின் நார்களைப் பற்றுகிறது. மறுமுனை உள்ளே சில இடைப்புரதங்கள் வழியாக ஆக்டினோடு சேர்கிறது. இதைக் கண்டறிந்து விளக்கியதற்காக ரிச்சர்ட் ஹைன்ஸ், எர்க்கி ரூஸ்லாட்டி, திமோதி ஸ்பிரிங்கர் மூவருக்கும் 2022இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

இந்தப் பிடி பசை போன்றதல்ல என்பதே முக்கியம். 1997இல் ஓர் ஆய்வுக் குழு பிடியின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தது. பிடி குறைந்தால் செல் வழுக்கி நிற்கிறது. மிகுந்தால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இடைப்பட்ட பிடியில்தான் மிக வேகமாகப் போகிறது. அடுத்து, இழுவிசை. சாதாரணப் பிணைப்பை இழுத்தால் சீக்கிரம் அறும். செலக்டினில் 2003இலும் இன்டெக்ரினில் 2009இலும் கண்டது வேறு: ஓர் அளவுவரை இழுக்க இழுக்கப் பிணைப்பு அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறது, சுருக்கு முடிச்சைப் போல. அதே 2009இல், இன்டெக்ரினுக்கும் ஆக்டினுக்கும் நடுவே இருக்கும் டாலின் என்ற புரதத்தை இழுத்தால் அதன் மடிப்புகள் விரிந்து, வின்குலின் என்ற இன்னொரு புரதம் வந்து சேர இடம் திறக்கிறது என்றும் காட்டினார்கள். அதாவது சுமை ஏறும்போது பிடி தன்னைத் தானே பலப்படுத்திக்கொள்கிறது. செல் தரையை இழுத்துப் பார்த்துத்தான் தரை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்கிறது.

தெரிந்துகொண்டு மாறவும் செய்கிறது. இணைப்புத்திசுச் செல்கள் மென்மையான பரப்பிலிருந்து விறைப்பான பரப்பை நோக்கிப் போகின்றன என்பது 2000இல் தெரிந்தது. மூளையளவு மென்மையான பரப்பில் வைத்த குருத்துச் செல்கள் நரம்பின் சாயலையும், விறைப்பான பரப்பில் வைத்தவை எலும்பின் சாயலையும் எடுத்தன என்பது 2006இல். மார்பகப் புற்று கையில் கெட்டியாகத் தட்டுப்படுவதற்குச் சுற்றியுள்ள கொலாஜன் நார்கள் பெருகிப் பிணைந்து இறுகுவதும் ஒரு காரணம். அந்த இறுக்கமே செல்களை ஊடுருவத் தூண்டுகிறது என்று 2009இல் எலிகளில் காட்டப்பட்டது. அக்காவின் விரலுக்கு முதலில் பட்டது அந்தக் கெட்டித்தன்மைதான். குற்றத்தை முழுக்க ஒரு ‘கெட்ட செல்’ மேல் சுமத்தும் நம் வாக்கியத்தில் இந்தச் சூழலுக்கு இடமே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிடி இல்லாமல் நகர்வே இல்லை என்ற முடிவு எங்கே உருவானது? தட்டையான கண்ணாடித் தட்டில். 2008இல், இன்டெக்ரின் முழுவதும் நீக்கப்பட்ட ஒருவகை நோயெதிர்ப்புச் செல்களைத் திசுவின் முப்பரிமாண நெருக்கத்தில் விட்டார்கள். தட்டையான பரப்பில் நகர முடியாத அவை இங்கே இடுக்குகளில் நெளிந்து சாதாரணமாகவே போயின. இரத்த ஓட்டத்திலிருந்து வெளியேறத்தான் பிடி வேண்டும். நெருக்கமான திசுவுக்குள் நெளிந்தே போகலாம். ஆய்வுக்கருவியின் தட்டைத்தன்மை கோட்பாட்டின் தட்டைத்தன்மையாக ஆகிவிட்டிருந்தது. இலக்கியக் கோட்பாட்டிலும் நம்மிடம் இப்படிப்பட்ட கண்ணாடித் தட்டுகள் உண்டு.

5

இனி ஆபத்தான இடம். 1907இல் ஹெச். வி. வில்சன் ஒரு கடற்பஞ்சை மெல்லிய பட்டுத்துணி வழியாகப் பிழிந்து தனித்தனிச் செல்களாக்கினார். அவை திரும்பக் கூடிப் புதிய கடற்பஞ்சாக வளர்ந்தன. பின்னர் நீர்நில வாழ்வனவற்றின் கருச்செல்களைக் கலந்துவிட்டபோது அவையும் வகைவகையாகப் பிரிந்து அடுக்கிக்கொண்டன. யோஹன்னஸ் ஹோல்ட்ஃபிரெட்டர் இதைத் ‘திசுக்களின் நாட்டம்’ என்று அழைத்தார்.

இனம் இனத்தோடு சேரும் என்று நம் ஊர்ச் சாதிச் சங்கத் தலைவர் உடனே மேற்கோள் காட்டலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. செல்கள் தம் இனத்தை அடையாளம் காணவே வேண்டியதில்லை, ஒட்டும் வலிமையில் அளவு வித்தியாசம் இருந்தாலே எண்ணெயும் தண்ணீரும் பிரிவதுபோலப் பிரியும் என்று மால்கம் ஸ்டைன்பெர்க் 1963இல் முன்வைத்தார். செல்லோடு செல்லை ஒட்டும் கேட்ஹெரின் புரதங்களைக் கண்டறிந்த மசாதோஷி தாகெய்ச்சியும் அவரும் 1994இல் செய்த சோதனை இதை நேரடியாகக் காட்டியது: ஒரே செல்வகை, ஒரே கேட்ஹெரின், ஒரு கூட்டத்தில் கூடுதல், இன்னொன்றில் குறைவு. கலந்துவிட்டால் பிரிந்து, கூடுதலாக உள்ளவை உள்ளேயும் குறைந்தவை வெளியேயும் அமைகின்றன. செல்லின் மேற்பரப்பு எவ்வளவு இறுக்கமாகச் சுருங்குகிறது என்பதும் இதில் பெரும்பங்கு வகிக்கிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் சேர்த்தன. ‘இனம்’ என்று நாம் வாசித்த இடத்தில் இருந்தது இழுவிசைக் கணக்கு.

6

புற்றுநோய் பரவலுக்கு வருவோம். பாடநூல்களில் நெடுங்காலம் கோலோச்சிய கதையாடல் இது: ஒழுங்காகக் கூடியிருக்கும் செல்களில் ஒன்று ஈ-கேட்ஹெரினை இழக்கிறது; பந்தத்தை அறுத்துக்கொண்டு தனியாகக் கிளம்புகிறது; தூரத்தில் குடியேறுகிறது. இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘ஓடிப்போனது’ என்ற சொல் தானாக வந்து விழும். குடும்பத்தை அறுத்துக்கொண்டு போனதே நோய் என்ற இந்தக் கதை, சாதி கடந்து மணந்தவர்களைக் கொல்கிற ஊரில் எந்த மொழியில் ஒலிக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ‘சாதி ஒரு புற்றுநோய்’ என்று எழுதியபோது சாதியின் கதையாடலையே நான் கடன் வாங்கியிருக்கிறேன்.

அந்தக் கதை உயிரியலாகவும் முழுமையானதல்ல. புற்றுச் செல்கள் இரத்தத்தில் தனியாகவும் போகின்றன, சிறு கொத்துகளாகவும் போகின்றன. கொத்துகள் அரிது, ஆனால் புதிய இடத்தில் கட்டியாக வளரும் திறன் தனிச்செல்லைவிட அவற்றுக்கு 23 முதல் 50 மடங்கு அதிகம் என்று 2014இல் எலி ஆய்வொன்று கணக்கிட்டது. மார்பகப் புற்றின் சில மாதிரிகளில் ஈ-கேட்ஹெரினை நீக்கியபோது செல்கள் அதிகமாக ஊடுருவின; ஆனால் வழியிலேயே மடிந்தன, தொலைவில் கட்டிகள் குறைந்தன என்று 2019இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆக, ஒட்டுதல் பரவலுக்குத் துணையாகவும் நிற்கிறது. அதே மார்பகத்தில் ஈ-கேட்ஹெரின் இல்லாமலே பரவும் இன்னொரு புற்றுவகையும் உண்டு. ஒரே விதி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பிடியை அறுத்தால் போதும் என்று இன்டெக்ரினை அடைக்க உருவாக்கிய சிலென்ஜிடைட் என்ற மருந்தும், மூளைப்புற்று நோயாளிகளின் ஆயுளைக் கூட்டவில்லை என்பது 2014இல் வெளியான முடிவு.

கூட்டமாக நகர்வதைப் பற்றி நம் தோழர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று. முன்னணியில் இருப்பவை வழிநடத்தும், மற்றவை பின்தொடரும் என்பதே வழக்கமான சித்திரம். தவளைக் கருவின் நரம்பு முகட்டுக் கூட்டத்தில், பின்விளிம்பில் உள்ள செல்கள் சேர்ந்து சுருங்குவதுதான் கூட்டத்தை முன்னே தள்ளுகிறது என்று 2018இல் கண்டார்கள். புதிதாக முளைக்கும் இரத்தக்குழாயில் முனையில் நிற்கும் செல் நிரந்தரத் தலைவர் அல்ல, இடம் மாறிக்கொண்டே இருக்கிறது என்பது 2010இன் செய்தி. முன்னணிப் படை பற்றிய நம் பழைய விவாதங்கள் நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பாக இருந்தது.

7

இதுவரை எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். “நல்லா இருக்கு. முன்னாடி அதை எதிரியாக்கினே. இப்பத் தோழராக்கப் பாக்கிறே. அது என்னைக் கேட்டா நகருது? நாளைக்கு வேற ஒருத்தன் வந்து, பாருங்க, செல்லே இப்படித்தான் இருக்குன்னு வேற கதை சொல்வான். அப்ப என்ன செய்வே?”

அவர் சொன்னது சரி. முன்னணியைப் பற்றிய என் சிரிப்பும் அந்த ரகம்தான். தோலின் நிறமே வந்தேறி, வித்தே வந்தேறி என்று தூய்மைவாதிகளிடம் சொல்ல என் நாக்கும் துடித்தது. ஆனால் செல்கள் இடம்பெயர்வதால் மனிதர்களுக்கு இடம்பெயரும் உரிமை வருவதில்லை. செல்கள் இடம்பெயராமல் இருந்திருந்தாலும் அந்த உரிமை போயிருக்காது. விர்ச்சோவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது செல்-அரசு என்ற உருவகத்தை அல்ல. மேல் சிலேசியாவில் அவர் பார்த்தது பட்டினியை, வீட்டை, வரியை. அவற்றை அவற்றின் பெயராலேயே எழுதினார்.

சாதியைச் சாதி என்றே எழுதலாம். யார் நிலம், எந்தத் தெரு வரை சவ ஊர்வலம் போகலாம், யார் கையால் சாக்கடை அள்ளப்படுகிறது என்று எழுதலாம். புற்றுநோயைப் பற்றி எழுத வேண்டுமென்றால், அது யாருக்கு எவ்வளவு தாமதமாகத் தெரியவருகிறது, சிகிச்சைக்கு யார் எதை விற்கிறார்கள் என்று எழுதலாம். இரண்டையும் ஒரே வரியில் கட்டும் வேலையை நான் விட்டுவிடுகிறேன். துண்டறிக்கையை மறுபடி அச்சிடும்போது அந்த வாக்கியம் இருக்காது. அங்கே என்ன எழுதுவது என்று அக்காவும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.